முழங்காலும் இரண்டு வருடமும்

சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருப்பவன் சட்டம் பேசுவது குறைவு. ஆட்களிடம் கெஞ்சுவதுதான் அதிகம். நாலு பேரோடு பேசிப் பிழைக்கும் யாருக்கும் இது விளங்கும். எண்பதுகளில் நான் மாத்தளையில் வேலை செய்தபோது எங்களிடம் வந்தவர் தையல்காரி பிலோமினா அக்கா.

தபசு காலம்

உக்குவளையில் ஒரு புடவைக் கடை. சவர்க்காரத் தண்ணீரால் கழுவிய படியை யாரும் துடைக்கவில்லை. துணி வாங்கப் போன அக்கா வழுக்கி விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. காலால் மிதிக்கும் மெசின்தான் அவருடைய பிழைப்பு. இனி மிதிக்க முடியாது.

ஒரு வருடம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார். விழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கைப் பதியவேண்டும், தவறினால் நஷ்டஈடு கேட்கவே முடியாது என்று சட்டத்தரணி ஐயா விளக்கினார். ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள் அவை. வழக்குத்தாளில் நான் கையெழுத்துக் கேட்டேன். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"தபசு காலத்துல வழக்குப் போட்டுட்டு, தம்பி, பெரிய வெள்ளிக்கு எந்த மூஞ்சியோட சிலுவைய முத்தி செய்யிறது?"

வாழைச்சீப்பு

ஈஸ்டர் போய் மாதங்களாகியும் ஆளைக் காணோம். தேடிப் போனேன். கடை முதலாளி மாதாமாதம் வாழைச்சீப்போடு வந்து காலைப் பற்றி விசாரிக்கிறாராம், "பாத்துச் செய்றேன்" என்கிறாராம். பேச்சு நடப்பதால் காலம் நிற்காது என்றேன். ஊரடங்கில் நீதிமன்றம் பூட்டிக் கிடந்த நாட்களை இரண்டு வருடக் கணக்கில் கழிக்கலாமா என்று கேட்டார். அதுவும் முடியாது என்றேன்.

"நலம் விசாரிக்க வர்ற மனுசனுக்கு டீயும் ஊத்திக் குடுத்து, பின்னால கோட்டுக் கடுதாசியும் அனுப்பச் சொல்றீங்களா?"

முதலாளி சொன்ன நாள்

கெடுவின் கடைசி மாதம் அக்கா தானாகவே வந்தார். வழக்குப் போடச் சம்மதம். ஆனால் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போடமாட்டாராம். ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளே அக்கா திரும்பி வந்தார். இந்த மாதம் போகட்டும், அடுத்த மாதம் முதலாம் தேதி வாங்க, உட்கார்ந்து பேசி முடிப்போம் என்று முதலாளி சொன்னாராம். இரண்டு வருடம் முடிவதே இந்த மாதக் கடைசி நாளில்தான் என்றேன். எங்கே கையெழுத்து வைப்பது என்று அக்கா கேட்டார். அன்றைக்கே வழக்கைப் பதிந்தோம்.

"நான் விழுந்த நாளு எனக்கே மறந்து போச்சு, தம்பி. அவரு நல்லா ஞாபகம் வச்சிருக்காரு."

வழக்குப் போட இரண்டே வருடம் என்று கறாராகச் சொல்லும் சட்டம் தீர்ப்புக்கு எந்தக் கெடுவும் வைக்காததால், நஷ்டஈடு வந்து மெசினுக்கு மோட்டர் பூட்டியபோது, ஊசியில் நூல் கோக்க அக்காவுக்கு மூக்குக்கண்ணாடியும் தேவைப்பட்டது.