இராசமலர் குறி பார்த்து எறிந்த பந்து

என் சின்னம்மா இராசமலர் ஒரு வெள்ளைக்காரியின் பின்பக்கத்தில் பந்தால் அடித்தது தற்செயலாக நடந்த காரியம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒக்லாந்தில் நாங்கள் இருக்கும் மனுரேவாவில் இதைப் பற்றி ஏற்கெனவே நாலு விதமான கதைகள் உலாவுகின்றன. நாலில் இரண்டை நான்தான் கிளப்பிவிட்டேன்.

சின்னம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கோப்பாயில் பிறந்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். கலவரத்துக்குப் பிறகு, எண்பத்துநாலில், குணரத்தினம் சித்தப்பாவோடு, என்னையும் கூட்டிக்கொண்டு ஒக்லாந்துக்கு வந்தார். இங்கே அவருடைய கணக்கு ஒருவருக்கும் தேவைப்படவில்லை. மங்கரேயில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தோடு மனஸ்தாபப்பட்டு வெளியே வந்த பிறகு நானும் அங்கேதான் சேர்ந்தேன். தட்டில் நான் கரண்டி வைப்பேன், சின்னம்மா பாண் துண்டும் வெண்ணெயும் வைப்பார்.

அங்கே சாப்பாட்டு அறையில் யாரும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. ஜன்னலோர மேசை இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்களுக்கு. நடு மேசை சமோவாத் தீவுக்காரருக்கு. ஹீற்றருக்குக் கிட்ட இருந்தது கந்தோரில் கணக்கு எழுதும் வெள்ளைக்காரருக்கு. நாங்கள் இரண்டு பேரும் தட்டுப் பெட்டிகளைக் கவிழ்த்து அதில் இருந்து சாப்பிட்டோம். சின்னம்மா ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. ஆனால் இரண்டு வருஷமாக "தள்ளு", "கெதியா" என்பவற்றைத் தவிர அவரோடு யாரும் ஒரு சொல் கதைத்ததில்லை. அதை நான் கவனிக்காத மாதிரிக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்தால் அந்த மேசைகள் கலந்துவிடும். சமையல்கூடத்துக்கு ஒரு பெண்கள் சொவ்ற்போல் அணி இருந்தது. ரீவியில் அமெரிக்கர் ஆடும் பேஸ்போல் இருக்கிறதே, அதன் தங்கச்சி. பந்து ஒரு சின்னத் தேங்காய் அளவு, பட்டால் வலியும் அப்படித்தான்.

இந்த நாட்டில் "எந்த ஊர்?" என்று கேட்பதற்கு முன்னால் "என்ன விளையாடுவாய்?" என்று கேட்பார்கள். விளையாட்டு இவர்களைச் சேர்த்தும் வைக்கும், கிழித்தும் போடும். அணித் தலைவி ஹினே என்ற மாவோரிப் பெண். எண்பத்தொன்றில் தென்னாபிரிக்க ரக்பி அணி இங்கே வந்தபோது, கறுப்பரை ஒதுக்கும் நாட்டோடு என்ன ஆட்டம் என்று அவர் ரோட்டில் நின்று கத்தினார். அவருடைய அண்ணனோ ரிக்கற் வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனார். இரண்டு வருஷம் இருவரும் முகம் பார்க்கவில்லையாம்.

ஒரு திங்கட்கிழமை, அணிக்கு ஓர் ஆள் குறைகிறது என்று ஹினே புலம்பினார். நான் பெட்டியில் இருந்தபடியே, "எங்கட சின்னம்மா இலங்கை நஷனல் ரீமில ஆடினவ" என்றேன்.

உண்மையில் அவர் பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடியவர். எல்லே என்பது தடியால் பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடும் ஆட்டம். கிட்டத்தட்ட சொவ்ற்போல். கிட்டத்தட்டதான்.

"ஏனடி உஷா பொய் சொன்னனீ?" என்று சின்னம்மா என் காதைத் திருகினார்.

"பொய் இல்லை சின்னம்மா. கொஞ்சம் பெருப்பிச்சனான்."

வீட்டில் சித்தப்பா பேப்பரை மடித்துவிட்டு, "பொம்பிளையள் கால்சட்டை போட்டு ஓடினா ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றார்.

"எந்த ஆக்கள்? இந்த ரோட்டில எங்களை விட்டா வேற ஆர் தமிழ் ஆக்கள்?" என்று கேட்ட சின்னம்மா, சித்தப்பாவின் கால்சட்டை ஒன்றையே எடுத்து இடுப்பைச் சுருக்கித் தைத்துக்கொண்டார்.

முதல் பயிற்சியில் சின்னம்மா எறிந்த பந்தைப் பிடித்த ஹினே, கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதினார். அடுத்த நாளே ஜன்னலோர மேசைக்கு இரண்டு கதிரைகள் கூடுதலாக வந்தன. அடுத்த மூன்று கிழமையில் சின்னம்மா அந்த மேசையில் சிரித்த சிரிப்பை நான் கோப்பாயிலும் கேட்டதில்லை.

முதல் ஆட்டம் ஒனிஹங்கா அணியோடு. அவர்களில் ஷரன் என்பவள் ஓங்கி அடித்துவிட்டு ஓடினாள். இங்கே கம்பத்துக்குப் பதில் நிலத்தில் பதித்த பேஸ்கள். இரண்டாவது பேஸைத் தாண்டி மூன்றாவதுக்கு ஓடும்போது பந்து சின்னம்மா கைக்கு வந்தது. சின்னம்மா நிதானமாகக் குறி பார்த்து எறிந்தார். பந்து ஷரனின் பின்பக்கத்தில் 'தொம்' என்று விழுந்தது.

"அவுட்! அவுட்!" என்று சின்னம்மா துள்ளினார். வேறு யாரும் துள்ளவில்லை.

எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் எறிந்து அடித்தால் அவள் அவுட். சொவ்ற்போலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்த் தொட வேண்டும். பயிற்சியில் நாங்கள் அடித்தோம், பிடித்தோம், எறிந்தோம். சட்டத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நஷனல் ரீம்காரிக்கு யார் சட்டம் சொல்லிக்கொடுப்பார்கள்?

ஷரன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி ஓட்டத்தை முடித்துவிட்டு, நேரே சின்னம்மாவிடம் வந்தாள். "கறி தின்னி! உன்ர நாட்டுக்கே ஓடு!" என்று கத்தினாள். ஹினே நடுவில் பாய்ந்தார். அம்பயர் ஒரு தாளில் ஏதோ எழுதினார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சொவ்ற்போல் சங்கத்தில் விசாரணை. வேண்டுமென்று அடித்தது என்று முடிவானால் வருஷம் முழுக்க ஆட முடியாது. அணி இல்லையென்றால் ஜன்னலோரத்தில் எங்களுக்கு என்ன வேலை? சின்னம்மா திங்கட்கிழமையே பெட்டியில் போய் இருந்துவிட்டார், இப்போதே பழகிக்கொள்ளுவோம் என்பதுபோல.

விசாரணைக்குப் போகும்போது ஹினே காரில் பாடம் எடுத்தார். "கை வழுக்கிப்போச்சு எண்டு மட்டும் சொல்லு. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நஷனல் ரீம் கதையை ஒப்புக்கொண்டேன். ஹினே காரை ஓரமாக நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, "அப்ப உங்கட ஆட்டத்தில ஆளுக்கு எறிஞ்சா அவுட்டா?" என்று கேட்டார்.

"ஓம்."

"நல்ல ஆட்டம்" என்றுவிட்டுக் காரை எடுத்தார்.

மேசைக்குப் பின்னால் இரண்டு ஆண்களும் ஒரு வயதான பெண்ணும் இருந்தார்கள். ஓரத்தில் ஷரன், ஒரு குஷனில் இருந்தாள்.

"பந்து கை வழுக்கிப் போனதா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை" என்றார் சின்னம்மா.

ஹினே இருமினார்.

"தற்செயலா?"

"இல்லை. குறி பாத்தனான்."

"தலைக்கா?"

"தலைக்குப் பாத்திருந்தா தலையில பட்டிருக்கும்."

ஹினே இருமலை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். சின்னம்மா எழுந்து நின்றார். இங்கிலிஷில்தான் பேசினார், வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நிதானத்தில்.

"ஓடுற ஆளுக்கு, சதை உள்ள இடமாப் பாத்து எறிஞ்சனான். எங்கட பள்ளிக்கூடத்தில அது அவுட். இங்க இல்லையெண்டு இப்பத் தெரியும். இனி எறிய மாட்டன். ஆனா கை வழுக்கினது எண்டு என்னால சொல்ல ஏலாது. இந்தப் பிள்ளை என்னைச் சொன்ன சொல்லும் வாய் வழுக்கினதோ, குறி பாத்ததோ எண்டு அவவையும் ஒருக்காக் கேளுங்கோ."

ஷரனின் முகம் சிவந்தது. தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தச் சொல்லுக்கு அதில் ஒரு பக்கமும் இல்லை. "இல்லையெண்டா எழுதிச் சேருங்கோ" என்றார் அந்த வயதான பெண்.

"குறி பாத்ததுதான்" என்றாள் ஷரன், நிலத்தைப் பார்த்தபடி. "பிழை."

தீர்ப்பு, இரண்டு பேருக்கும் இரண்டு சனிக்கிழமை ஆட்டம் இல்லை.

அந்த இரண்டு கிழமையும் சாப்பாட்டு மணி அடித்ததும் ஹினே முதல் ஆளாக ஓடிப்போய் ஜன்னலோரக் கதிரையில் தன் பையை வைத்துவிடுவார். முதல் நாள் சின்னம்மா பெட்டியை நோக்கி நடக்க, "எங்க போறாய்?" என்று அறை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். சின்னம்மா திரும்பி வந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை பப்பக்குரா அணியோடு ஆட்டம். அதற்குள் கதை எல்லா அணிக்கும் போயிருந்தது; அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களில் ஒருத்தி இரண்டாவது பேஸில் இருந்து ஓடத் தொடங்கியவள், சின்னம்மா பந்தைப் பொறுக்கி எடுப்பதைக் கண்டதும் இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

சின்னம்மா எறியவில்லை, ஓடவும் இல்லை. சித்தப்பாவின் கால்சட்டையை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து போய், பந்தை அவளுடைய தோளில் மெதுவாக வைத்தார்.

"இது அவுட்தானே?" என்று அம்பயரைக் கேட்டார்.