மதினி எதில் கெட்டிக்காரி

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நானும் மதினியும் சேர்ந்தோம். மதினி என்றால் என் அண்ணன் மனைவி, ராயகிரியில் இருந்து எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். எனக்குத் துணைக்காகத்தான் வகுப்புக்கு வந்தாள். எனக்கோ வேலை கிடைத்தே ஆக வேண்டும். "தீவாளிக்குள்ள வேல கெடச்சா போ, இல்லன்னா மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

'அட்', 'இன்', 'ஃபார்' மாதிரியான குட்டிச் சொற்களுக்குப் பின்னால் வருகிற வினையோடு 'இங்' சேர்க்க வேண்டும் என்பது அந்த வாரப் பாடம். 'தேங்க் யூ ஃபார் கமிங்', 'சாரி ஃபார் பீயிங் லேட்' எல்லாம் மளமளவென்று வந்தன. 'ஐ ஆம் குட் அட்' என்று தொடங்கச் சொன்னதும் வகுப்பே வாயை மூடிக்கொண்டது. தெரியாமல் இல்லை. எங்கள் பக்கம் தன் வாயால் தன்னை யாரும் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்வதில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றால்கூட, "ஏதோ புளியக் கரைச்சு ஊத்துனேன்" என்போம். பெருமையடித்தால் கண் பட்டு மறுநாளே குழம்பு அடிப்பிடிக்கும். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, "சரி, பக்கத்துல இருக்கவங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் இங்கிலீஷ் கொட்டியது. 'ஷி இஸ் குட் அட் கோலம் போடிங்' வரைக்கும் போனோம்.

ஆன்லைன் வியாபாரத்தில் புதிதாக இறங்கியிருந்த சேலைக்கடை ஒன்றில், வெளிமாநிலத்தாரிடம் போனில் பேச ஒரே ஓர் ஆள் தேவை என்றார்கள். மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரரின் மருமகள், சென்னையில் வளர்ந்தவள், எங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்காரவைத்தாள். என்னைப் பார்த்து, "வாட் ஆர் யூ குட் அட்?" என்று கேட்டாள்.

காலையில் கண்ணாடி முன் பதிலைச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இப்போதோ வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னை அறியாமல், "மை மதினி இஸ் குட் அட் டாக்கிங்" என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்தபின் நிறுத்த முடிந்தால்தானே! கோபமாக வருகிறவர்களைச் சிரிக்கவைப்பது, தொட்டுப் பார்த்தே துணியின் தரம் சொல்வது என்று எனக்குத் தெரிந்த 'இங்' அத்தனையையும் மதினி தலையில் கொட்டினேன். அந்தப் பெண் மதினி பக்கம் திரும்பினாள். மதினி தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்துகட்டிப் பேசிய பேச்சில், அந்தப் பெண் உடுத்தியிருந்த சேலையையே அவளுக்கு விற்றுவிடுவாள் போலிருந்தது.

வேலை மதினிக்குக் கிடைத்தது.

தெருவில் இறங்கியதும் எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது. ஆட்டோ ஸ்டாண்ட் வரை விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். அங்கே மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருதேன். இது ஒனக்குள்ள வேலதான?"

"சரி, சொல்லிட்டு வாங்க" என்றேன் வெடுக்கென்று.

கடைப் பக்கம் திரும்பியவள் நின்றாள். கண் கலங்கியிருந்தது, முகமோ சிரித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இன்னது நல்லா வரும்னு நம்ம வீட்டுல ஒருத்தரும் இதுவரைக்கும் சொன்னதில்லட்டி. இன்னைக்கு நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

"மதினி, நில்லுங்க!" என்று கத்தினேன். "அப்பாவ நான் சமாளிச்சுக்கிடுதேன். நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாவ?"

"ஒம்போது மணிக்கு" என்றாள் மதினி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.