நாலு விரல் உயரத்தில் ஒரு கார்

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் லிஃப்டுக்காரர் அந்த நீலக் காரை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டே இருக்கை. நாலு கை மாறி வந்ததால் பெயின்ட் அங்கங்கே பொரிந்திருந்தது. முன்பக்க விளிம்புக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் நுழைந்தால் அதிகம். பார்க்க வந்த மாமியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மிச்சத்தை எப்ப கொண்டு வருவாங்க, மாப்பிள்ளை?" என்று நிஜமாகவே கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவரும் மனைவியும் பல வருஷம் சிரித்திருக்கிறார்கள்.

அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. தினமும் ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷனுக்குச் சொந்தக் காரை ஒரு முழம் தூக்கத் தெரியவில்லை. சக்கரம் வைத்த பெரிய ஜாக்கி அந்த விளிம்புக்கு அடியில் நுழையவே இல்லை. சரி, இது போதும் என்று வண்டியோடு வந்த மடக்கு ஜாக்கியைப் பக்கவாட்டில் கொடுத்துத் தூக்கினார். ஷெட்டின் தரை, தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது மனைவி வந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, எங்க அக்கா போன்ல இருக்கா. உங்ககிட்டதான் பேசணுமாம்."

"அப்புறம் பேசறேன்னு சொல்லு."

"நான் சொன்னா கேக்கற ஆளா அவ? வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்தார். அக்கா குடியிருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், இன்றைக்கே சரி பண்ண முடியுமா என்று கேட்டாள். நாளைக்கு ஆள் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்ட மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தால் ஜாக்கி சாய்ந்து கிடந்தது. கொஞ்சம் முன்னால் அவர் நெஞ்சு இருந்த இடத்தில் கார் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

அவர் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி அழவில்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள் அவள். எதையும் நிதானமாகப் பார்த்துப் பழகிய கண். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தினம் அடுத்தவங்க எலும்பைப் பாத்துட்டுதான் வீட்டுக்கு வரேன். உங்களோடதப் பாக்க எனக்கு ஆசை இல்ல."

"வித்துடட்டுமா?"

அவள் குனிந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். "வேணாம். தூக்கறத ஒழுங்காத் தூக்குவோம்."

மறுவாரமே அவர் தரையைக் கொத்திக் கான்கிரீட் போட்டு மட்டமாக்கினார். மரக்கடையில் கனமான பலகை வாங்கி மூன்று படியாக அடுக்கி ஆணி அடித்தார். முன்சக்கரங்களைப் பலகைமேல் மெதுவாக ஏற்றினால் போதும், பெரிய ஜாக்கி நுழையும் அளவுக்கு வண்டியின் மூக்கு உயர்ந்துவிடும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை; கியர், ஹேண்ட் பிரேக். அப்புறம் நடுவில் இருக்கிற குறுக்குச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் தாங்கும் இடம் பார்த்து இரும்பு ஸ்டாண்டு வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கழற்றிய சக்கரத்தையும் சும்மா விடாமல் வண்டிக்கு அடியில் படுக்க வைக்க வேண்டும்; எது விழுந்தாலும் அதன்மேல் விழட்டும் என்று. கடைசியில் அவள் வந்து இடுப்பால் வண்டியை ஓங்கி ஒரு இடி இடிப்பாள். அசையவில்லை என்றால்தான் "ம், போங்க" என்று உத்தரவு கிடைக்கும்.

அதோடு விட்டுவிடவும் மாட்டாள். அவர் வெளியே வரும்வரை ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் அந்த ஷெட்டில்தான் வாயில் வந்தது. மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு வந்ததை அவர் அடியிலிருந்துதான் சொன்னார். "டாக்டரப் பாத்தேன். நாள் தள்ளிப் போயிருக்குன்னு சொன்னேன்ல, அதுதானாம்" என்று அவள் சொன்னதும் ஸ்டூலில் உட்கார்ந்துதான். அடியில் கிடந்தவர் எழுந்திருக்கப் போய் எஞ்சின் ஆயில் தொட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டார். மகள் பிறந்தபோது அந்த வீக்கம் வடிந்து பல மாதம் ஆகியிருந்தது.

மகள் வந்தபிறகு இரண்டு இருக்கைக்கு மூன்று பேர். ஒருவர் எப்போதும் வீட்டில் தங்க வேண்டியிருந்தது. "இது குடும்பஸ்தன் வண்டியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். வண்டி மட்டும் ஷெட்டை விட்டுப் போகவில்லை.

இப்போது மகள் வேறு ஊரில் இருக்கிறாள். இருவருக்கும் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது. போன வருஷம் அவருக்கு வலது தோள் இறுகிப் போய்விட்டது. சட்டை மாட்டுவதே பெரும்பாடு. ஆயில் மாற்றும் நாள் கடந்தும் ஷெட் பக்கம் போகாமல் இருந்தார். அவள்தான் ஒருநாள் பழைய நைட்டிமேல் அவருடைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"வாங்க. நான் போறேன் உள்ள."

"உனக்கென்ன பைத்தியமா?"

"முப்பது வருஷமா வேடிக்கை பாத்திருக்கேன். ஒரு நட்டு கழட்டத் தெரியாதா?"

எல்லாம் முறைப்படி நடந்தது. இடது கையால் அவர் வண்டியை ஆட்டிப் பார்த்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை ஆட்டினார். அவள் அட்டையை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தாள். பாதம் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டாண்டைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், மறுபடி ஸ்டாண்டைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடது பக்கம். பாத்து. கொஞ்சம் வெளிய வந்துட்டுப் போயேன்."

"இப்பதானே வந்தேன். பேசாம உக்காருங்க."

பேசாமல் உட்கார முடியவில்லை. எத்தனை ஞாயிறு இவள் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தார், எண்ணிக்கை பிடிபடவில்லை. "உன்ன ரொம்பப் பயமுறுத்திட்டேன்ல, இத்தனை நாளா?" என்றார்.

உள்ளே ஸ்பேனர் திரும்புகிற சத்தம் நின்றது. "ஆமா" என்றாள் அவள். பிறகு, "அந்தத் தட்டத் தள்ளுங்க, ஆயில் வருது" என்றாள்.

வண்டியைப் பலகையிலிருந்து இறக்கியதும் கார் சாவியை அவள் தரவில்லை. ஆயில் மாற்றியவர்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவர் சாலையைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் முழங்கையில் கறுப்பாக ஒரு பட்டை காய்ந்திருந்தது. துடைக்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.