9100-ஐப் பிடித்திருந்த நிரல்

வல்லம் வடகாலில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் மென்பொருளை, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு நான்தான் மாற்றி எழுதினேன். புதுக் கணினியில் முதல் நாளே தகராறு. ரீஸ்டார்ட் செய்தால் சில முறை ஓடியது, சில முறை ஓடவில்லை.

லைன் சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னா சார், உங்க லினக்ஸு மூடு இருந்தாதான் வேலை செய்யுமா? அடுத்த ஷிப்டுக்குள்ள லேபிள் வரலன்னா பழைய மிஷினையே வெச்சுக்குவேன்."

அப்படி ஆனால் மாதக்கணக்கான என் வேலை வீண். மறுபடி ரீஸ்டார்ட் செய்யப்போன அவரைத் தடுத்து, பிழைச் செய்தியைப் படித்தேன். தகவல் வந்துசேர என் மென்பொருளுக்கு வேண்டிய வாசல் எண்ணான 9100 என்ற நெட்வொர்க் போர்ட்டை வேறு நிரல் பிடித்திருந்தது. எந்த நிரல் என்று கணினியிடமே கேட்டேன். லினக்ஸ் கணினிகளில் எல்லாம் எங்கள் ஐடி பிரிவு வழக்கமாகப் போடும் கண்காணிப்பு நிரல் அது. பழைய விண்டோஸில் அது கிடையாது. கணினி தொடங்கும்போது இரண்டில் எது முந்துகிறதோ அதற்கே அந்த எண் கிடைத்திருக்கிறது.

ஐடி பிரிவிடம் சொல்லி கண்காணிப்பு நிரலை வேறு எண்ணுக்கு மாற்றவைத்தேன். பிறகு வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தேன். ஒவ்வொரு முறையும் லேபிள் வந்தது.

"எங்கள தொடாதன்னு சொல்லிட்டு நீங்களே பண்ணிக்கினு கீறீங்களே!" என்று சிரித்த சூப்பர்வைசர், பழைய கணினியின் பிளக்கைத் தானே பிடுங்கினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.