மாஸ்டரின் குறட்டையும் மாப்பிள்ளையின் பெட்டியும்

என் மாப்பிள்ளையைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், அவருடைய பெட்டியைப் பற்றி நாற்பது வரி எழுத வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. என் மகளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தபோதே ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் அந்தப் பெட்டி. துணிப்பையைக் கேட்டவரிடம் கொடுத்தார். பெட்டியைக் கொடுக்கவில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. தலையில் மெத்தையைச் சுமந்து தெருத்தெருவாக விற்றவன் நான். இன்றைக்குச் சொந்தக் கட்டடம். கீழே மெத்தைக்கடை, மேலே வீடு. இந்த ஊரில் நிம்மதியாகத் தூங்குகிறவர்களில் பாதிப் பேர் என் சரக்கின் மேல்தான் தூங்குகிறார்கள். மீதிப் பாதிப் பேர் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று இரும்புக் கயிற்றை அண்ணாந்து பார்க்கிற வேலை என்பதால் பேச்சு கம்மி. வீட்டுக்கு வந்ததும் கையில் உள்ள கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு நேராகப் பெட்டியிடம் போய்விடுவார். அதற்கு சாம்ப்ளர் என்று பெயராம். மைக்கை நீட்டினால் ஒரு சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பொத்தானைத் தட்டினால் அதைத் திருப்பித் துப்பும். அந்த ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யாது. எவ்வளவு இனிமையான குரலைக் கொடுத்தாலும், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து தவளை பேசுவது போலத்தான் திருப்பித் தரும். மூன்று எழுத்துக்கு மேல் இடமில்லாத திரை வேறு. அதில் வருவது "சரியா?" என்ற கேள்வியா, "எல்லாம் போச்சு" என்ற தகவலா என்பது மாப்பிள்ளைக்கே பல நேரம் தெரியாது.

பிடித்த சத்தத்தைப் பத்திரப்படுத்துவதுதான் பெரிய கூத்து. இடது கையால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கையால் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரத்தில் எட்டாத மூலையில் உள்ள மூன்றாவது பொத்தானை அழுத்த வேண்டும். செய்தவன் மூன்று கைக்காரன் போலிருக்கிறது. மாப்பிள்ளை மூக்கால் அழுத்துவார். முதல் தடவை அதைப் பார்த்த என் மனைவி, மனிதர் பெட்டிக்கு முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்ளே, இதைத் தூக்கிப் போடுங்க. நல்லதா புதுசா ஒண்ணு நான் வாங்கித் தரேன்" என்றேன்.

"நல்லதா இருந்தா நல்லா இருக்காது மாமா" என்றார்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். இங்கே படியிறங்கிக் கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் எங்கே பார்த்தாலும் பஞ்சும் ஸ்பாஞ்சும் என்பதால் அங்கே எதிரொலி கிடையாது. அதனால் ஓய்வு நாளில் பெட்டியோடு கீழே வந்து மூலையில் உட்கார்ந்துவிடுவார். உறையின் ஜிப், ஸ்பிரிங்கின் முனகல், நான் கொட்டாவி விடுவது எல்லாவற்றையும் பிடித்துக் கோத்துப் பாட்டு என்பார். என் மகள் ஒரு நாள் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டு போடுவேன்னு சொன்னீங்களே, அது இதுதானா? யாரோ வயித்து வலியில படி ஏறுற மாதிரி இருக்கு" என்றாள். மாப்பிள்ளை மகிழ்ந்துபோய், "படி ஏறுறது கேக்குதா?" என்றார்.

அப்படி ஒரு நாள் மெத்தை பார்க்க டிரைவிங் மாஸ்டர் வந்தார். எங்கள் தெருமுனையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "பிரேக்! பிரேக்!" என்று அவர் கத்துவது எங்களுக்கு ஒரு கடிகாரம் போல. படுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. முதலில் லாரி மேடு ஏறுவது போல ஓர் இழுப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை, ஆள் போய்விட்டாரோ என்று நாம் பயப்படும் நேரத்தில் பூனைக்குட்டி விசிலடித்தது போல மெல்லிசாக ஒரு முடிவு. மூலையில் இருந்த மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். மாஸ்டர் எழுந்து அந்த மெத்தையையே வாங்கிப் போனார்.

பேத்தி பிறந்த பிறகுதான் அந்தக் குறட்டையின் அருமை தெரிந்தது. குழந்தை தூங்க மறுத்தது. தோளில் போட்டோம், தொட்டிலில் போட்டோம், கடையிலேயே விலை கூடிய மெத்தையில் போட்டோம். என் பேத்தி என் சரக்கில் தூங்க மாட்டேன் என்று அழுதது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம்! ஒரு மத்தியானம் மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது முழங்கை பெட்டியில் பட்டது. மாஸ்டரின் குறட்டை தகர டப்பாவிலிருந்து கரகரவென்று புறப்பட்டது. குழந்தை சட்டென்று நிறுத்தியது. விசில் வந்தபோது கண்ணை மூடிவிட்டது. பெட்டியை ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த என் மகள் அன்றிலிருந்து அதைத் தானே துணி போட்டு மூடி வைத்தாள்.

வினை என் மனைவியின் கையால் வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு பொருளைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகத் தெரியாது. உள்ளங்கையை விரித்து வைத்து அழுத்திப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி. மெத்தைக்காரர் கை அப்படி. தலையணை, பூசணிக்காய், பேருந்து சீட்டு, எதுவும் தப்பாது. பெட்டியைத் துடைக்கப் போனவள், "ரப்பர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எல்லாப் பொத்தான்களையும் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கினாள். திரையில் மூன்று எழுத்து மின்னி அணைந்தது.

மாப்பிள்ளை ஓடி வந்து பார்த்தார். "எல்லாத்தையும் சேத்து அமுக்கினா எல்லாத்தையும் மறந்துடும் அத்தை" என்றார்.

"மறந்தா என்ன, நியாபகப்படுத்துங்க மாப்பிள்ளை" என்றாள் இவள்.

குழந்தை மறுபடி தூக்கத்தை விட்டது. கண் சிவந்து, தலை கலைந்து, என் மகள் கூடத்தில் நின்று தீர்ப்புச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள இவ தூங்கணும். இல்லேன்னா அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரர் வண்டியில ஏறும். அதைத் தட்டித் தட்டி இவளைப் பழக்கினது நீங்கதான?" மாப்பிள்ளையின் முகம் கயிறு அறுந்த லிஃப்ட் போல இறங்கியது.

என் குறட்டையைக் கொடுத்துப் பார்த்தோம். குழந்தை முன்னைவிட ஓங்கி அழுதது. என் குறட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முதல் தரம். குழந்தைக்கு அனுபவம் போதாது. லிஃப்ட் மோட்டார், தண்ணீர்க் குழாய், தையல் மெஷின் எதுவும் எடுபடவில்லை. மாஸ்டரேதான் வேண்டும். ஆனால் அவரிடம் போய், உங்கள் குறட்டையைக் கொடுங்கள் என்று கேட்டால் கியரைக் கழற்றி அடிப்பார். அதனால் அவர் மனைவிக்குப் போன் போட்டேன்.

"அந்தச் சத்தமா வேணும்?" என்றார் அந்த அம்மா. "வந்து மொத்தமா அள்ளிட்டுப் போங்கண்ணே. திருப்பித் தர வேணாம்."

"அவரை எப்படிம்மா வர வைக்கிறது?"

"அபிப்பிராயம் கேக்கணும்னு சொல்லுங்க. பாதிச் சாப்பாட்டுல எழுந்து வருவார்."

ஞாயிறு மத்தியானம் புது மாடல் மெத்தைக்கு அபிப்பிராயம் சொல்ல மாஸ்டர் தன் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வந்தார். படுத்தார். நானும் மனைவியும் மாப்பிள்ளையும் சுற்றி நின்றோம்.

"என்ன, ஆப்பரேஷனா பண்ணப் போறீங்க? தள்ளி நில்லுங்கய்யா" என்றார். தள்ளி நின்றோம். அவர் பேச ஆரம்பித்தார். தலைப் பக்கம் இப்படி, கால் பக்கம் அப்படி, சாலையில் குழி எப்படி, கிளட்சை எப்படி விடணும், எல்லாம் அந்த அபிப்பிராயத்துக்குள் வந்தன. "முதுகுப் பக்கம் மட்டும் ஸ்பிரிங் கொஞ்சம்..." என்று சொன்னவர் அத்தோடு நின்றார். லாரி மேடு ஏறத் தொடங்கியது.

மாப்பிள்ளை மைக்கை நீட்டிப் பிடித்தார், மூக்கால் பத்திரப்படுத்தினார், பெட்டியோடு மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தொட்டில் பக்கத்தில் வைத்துத் தட்டினார். மாஸ்டர் பக்கத்திலேயே படுத்திருப்பது போல அச்சு அசலாக வந்தது. குழந்தை அலறி வீட்டைக் கிழித்துவிட்டது.

மகள் பெட்டியையும் பார்த்தாள், வாசலையும் பார்த்தாள். இரும்புக்காரர் பழக்கமானவர், கூப்பிட்டால் வந்துவிடுவார்.

மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா. அதான் தப்பு. எப்பவும் பெட்டியில இடம் பத்தாதுன்னு மட்டமான தரத்துலதான் பிடிப்பேன், அன்னிக்கும் அப்படித்தான். இன்னிக்குப் பயத்துல உயர்ந்த தரத்துல வச்சுட்டேன். இவளுக்கு அந்தக் கரகரப்புதான் வேணும்."

மட்டமான சரக்கு கேட்டு என் கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் என் சொந்தப் பேத்தி. விதியை நொந்துகொண்டு கீழே இறங்கினோம்.

அங்கே மாஸ்டர் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். குறட்டை சுத்தமாக நின்றிருந்தது. தொட்டு எழுப்பினால் காரியம் கெட்டது. இங்கேதான் என் தொழில் பேசியது. தூங்குகிறவனை எழுப்பாமல் புரட்ட வேண்டுமானால் ஆளைத் தொடக் கூடாது, மெத்தையைத் தொட வேண்டும். தோள் இருக்கும் பக்கத்து மூலைக்குக் கீழே கையைக் கொடுத்து, மூச்சு உள்ளே போகும்போது தூக்கி, வெளியே வரும்போது இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆள் தரையில் இருப்பார். நான் தூக்கினேன். மாஸ்டர் தோசை போலப் பதமாக மல்லாந்தார். வாய் திறந்தது. லாரி கிளம்பியது. இதைச் செய்ய இந்த ஊரில் இன்னொருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை மட்டமான தரத்துக்குக் குமிழைத் திருகி, இழுப்பு, நிறுத்தம், விசில் மூன்றையும் பிடித்தார். இடது கை, வலது கை, மூக்கு. திரையில் மூன்று எழுத்து. "சரியா, போச்சா?" என்று காதில் கேட்டேன். "தெரியலை மாமா" என்றார். மேலே போனோம். தட்டினார். டப்பாவுக்குள்ளிருந்து கரகரவென்று, ஈரம் பட்ட அப்பளம் போல ஒரு குறட்டை வந்தது. குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தி, கட்டை விரலை வாயில் வைத்தது. விசில் வரும்போது கண் மூடியிருந்தது. திரும்பிப் பார்த்தால் அலமாரியில் சாய்ந்து நின்றபடியே மகளும் தூங்கிவிட்டாள். மாப்பிள்ளை அவளை மெல்ல உட்காரவைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்தார். நல்ல தலையணையாகப் பார்த்துத்தான் எடுத்தார்.

பெட்டியை ஓடவிட்டுவிட்டு நாங்கள் கீழே இறங்கினோம். மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து, "...தூக்குது!" என்று விட்ட இடத்திலிருந்து முழங்கினார்.

என் மனைவி பாய்ந்துபோய் வாயில் விரலை வைத்தாள். "கத்தாதீங்க மாஸ்டர். பேத்தி இப்பதான் தூங்கினா."

மாஸ்டர் அடங்கிப்போனார். தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கிசுகிசுத்திருப்பார். காற்றுதான் அதிகம் வந்தது. "குழந்தையா? ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றவர் மாடிப் பக்கம் காதைக் கொடுத்தார். "அது யாரு, இவ்வளவு அசிங்கமா குறட்டை விடுறது?"

நாங்கள் மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம்.

"பெட்டிங்க மாஸ்டர்" என்றார் மாப்பிள்ளை.

"ரிப்பேருக்குக் குடுங்க" என்று கிசுகிசுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார் மாஸ்டர். காரில் ஏறிச் சாவியைப் போட்டவர், மாடி ஜன்னலைப் பார்த்தார். சாவியைத் திருகவில்லை. தலையை வெளியே நீட்டி, "தள்ளுங்க" என்று வாயை மட்டும் அசைத்தார். நான், என் மனைவி, மாப்பிள்ளை மூன்று பேரும் காரின் பின்பக்கத்தில் உள்ளங்கைகளை விரித்து வைத்துத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். முனை திரும்பியதும்தான் இன்ஜினைப் போட்டார்.