ஒரு குளிசைக்கு ஒரு கட்டில்

பாலேஸ்வரியின் மேசைக்குப் போன எந்தக் கிளெய்மும் கொஞ்சம் இளைக்காமல் வெளியே வந்ததில்லை. கொள்ளுப்பிட்டிக் காப்புறுதிக் கம்பனியொன்றின் மருத்துவப் பகுதியில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சேவை. ஆசுப்பத்திரி பில்லுக்குள் பதுங்கியிருக்கும் முகப்பவுடர் டின்னைக்கூடத் தேடிப்பிடித்துச் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவாள். கந்தோரில் அவளுக்கு 'வெட்டக்கா' என்று பெயர். அது காதில் விழுந்தும் அவள் கோபித்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுதான் சொல்லவேண்டும்.

2007ஆம் ஆண்டு மே மாதம் அந்தப் பேனை கொட்டாஞ்சேனை நாகேந்திரத்தின் கோப்பில் வந்து நின்றது. அச்சகமொன்றில் புரூஃப் பார்ப்பவர், வயது ஐம்பத்தெட்டு, இரத்தப் புற்றுநோய். ஒவ்வொரு மாதமும் ஒரு தனியார் ஆசுப்பத்திரியில் சரியாக ஓரிரவு படுக்கிறார். அறை வாடகை, டொக்டர் வந்து பார்த்த கட்டணம், தாதிக் கட்டணம், ஒரு போத்தல் சேலைன். கடைசி வரியில் முப்பது நாளுக்குரிய குளிசை, அந்த நோய்க்கு விழுங்கும் மாத்திரை. குளிசையின் விலையோ ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஏறிக்கொண்டே இருந்தது. நடந்து வந்து நடந்து போகிற மனுசனுக்கு எதற்குச் சேலைன்? கம்பனியின் தலையில் யாரோ மிளகாய் அரைக்கிறார்கள் என்று பாலேஸ்வரி முடிவே கட்டிவிட்டாள். ஆளைக் கந்தோருக்கு வரச் சொன்னாள்.

நாகேந்திரம் இஸ்திரி போட்ட சேட்டோடு வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

"ஐயா, இது வீட்டிலை இருந்து போடுற குளிசைதானே?"

"ஓம் பிள்ளை. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு கிளாஸ் தண்ணியோடை."

"அப்ப ஏன் மாசாமாசம் வார்டிலை போய்ப் படுக்கிறியள்?"

அவர் திகைத்துப்போய்ப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். 'ஆசுப்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மாத்திரமே பணம் வழங்கப்படும்.' கீழே பாலேஸ்வரியின் கையெழுத்து. போன வருடம் அவருடைய முதல் கிளெய்மை வெட்டியபோது அவளே அனுப்பியது.

"எழுத்துக்கு எழுத்து நீங்கள் சொன்னபடிதான் செய்யிறன். சும்மா படுக்கக் கட்டில் தரமாட்டினமாம். அதுதான் சேலைன் ஏத்துறவை."

பாலேஸ்வரிக்கு முகம் சூடேறியது. அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லாததுதான் இன்னும் சுட்டது.

"இப்பிடியே போனா ஆகஸ்டோடை இந்த வருசத்துக்குக் கம்பனி தாற காசு முடியுதாம். குளிசையை ஒரு நாளும் விடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். விட்டா வருத்தம் திரும்பிப் பாயுமாம்." கடிதத்தை மடித்தபடி சொன்னார்: "ஏப்ரலிலை நான் வார்டிலை கிடக்க, வீட்டுக்குச் செக்கிங் வந்திட்டினம். பொலிசிலை பதிஞ்ச வீட்டுப் பேப்பரிலை மூண்டு பேர், வீட்டிலை ரெண்டு பேர். மற்ற ஆள் எங்கையெண்டு மகனைக் கூட்டிக்கொண்டு போட்டினம். அடுத்த நாள் மத்தியானம் ஆசுப்பத்திரித் துண்டைக் காட்டித்தான் அவனை வெளியிலை எடுத்தனான்."

யுத்தகாலக் கொழும்பில் தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் பதிந்து கொடுக்கும் அதே பத்திரம் வெள்ளவத்தையில் பாலேஸ்வரியின் கதவுக்குப் பின்னாலும் தொங்கியது. அவள் பெயரும் தங்கையின் பெயரும். தெஹிவளைக்குப் போன தங்கை ஒருநாள் பஸ் கிடைக்காமல் பிந்தியபோது அவள் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்திருக்கிறாள். தன் ஒரு வரிக் கடிதம் ஒரு பிள்ளையைப் பொலிசுக்கு அனுப்பியதா என்று அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே கண்கலங்கினாள். ஜன்னலோரத்தில் இருந்த பெண் எழுந்து இடம்கூடக் கொடுத்தாள்.

அடுத்த மூன்று கிழமையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய கோப்புகளைக் கிளறினாள். குளிசைக்காக வார்டில் படுக்கிறவர்கள் மொத்தம் பதினொரு பேர். எல்லோருக்கும் அதே கடிதம், அதே சேலைன். கம்பனி கொடுத்த பத்து ரூபாயில் ஆறு ரூபாய் கட்டிலுக்கும் மற்றதுகளுக்குமே போயிருந்தது. சிக்கனக்காரி என்று பெயரெடுத்தவளுக்கு அது கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது.

கணக்கை எடுத்துக்கொண்டு மனேஜர் ஒஸ்வால்டிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாலேஸ், வீட்டுக்குக் குளிசை குடுக்கத் தொடங்கினா நாளைக்கு விற்றமினுக்கும் பில் வரும். வாங்கிக் கொண்டுபோய் விக்கமாட்டாங்கங்கிறதுக்கு என்ன கேரண்டி?"

"புற்றுநோய்க் குளிசைக்கு மட்டும்தான், சேர். குளிசை முடிஞ்ச வெறும் மட்டையைக் கொண்டுவந்து தந்தாத்தான் அடுத்த மாசத்துக் குளிசை. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்து, மருந்து வேலை செய்யுதெண்டு டொக்டர் எழுதவேணும். வேலை செய்யாத மருந்துக்கு நாங்கள் ஏன் குடுப்பான்? விழுங்கிற ஆளுக்கும் அது வீண்தானே."

"விலை ஏறிக்கிட்டே போகுதே?"

"பதினொரு பேரும் பதினொரு ஃபார்மசியிலை வாங்கீனம். நாங்கள் ஒருமிக்க எடுப்பம்."

ஒஸ்வால்ட் உடனே தலையாட்டவில்லை. பணிப்பாளர் சபை செப்டெம்பரில்தான் கூடும் என்றார். ஆகஸ்டில் காசு முடிகிற மனுசனுக்குச் செப்டெம்பர் எதற்கு? பாலேஸ்வரி அசையாமல் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவர், "ஆறு மாசம் பாப்போம். பிழைச்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்" என்று கையெழுத்துப் போட்டார்.

மருந்து இறக்குமதி செய்யும் ஹாஷிம் ஹாஜியார் ஒரு கேள்விதான் கேட்டார். "மாசாமாசம் தவறாம எடுப்பீங்களா?" எடுப்போம் என்றதும் ஐந்திலொரு பங்கு விலையைக் குறைத்தார். எவ்வளவு விற்கும் என்று தெரியாமல் இறக்கிய சரக்கு கெட்டுப்போகும் பயம் அவருக்கும் இருந்ததாம்.

ஜூலையில் நாகேந்திரம் வெறும் மட்டையோடு வந்து புதுப் பக்கற்றை வாங்கிப்போனார். மிச்சக் காசு இனி டிசம்பர் வரை காணும். மட்டையின் முப்பது குழிகளையும் பாலேஸ்வரி எண்ணிப் பார்த்தாள். பழக்கதோசம்.

ஆகஸ்டில் ஒரு காலை, இரவு படையினர் கொட்டாஞ்சேனையைச் சுற்றிவளைத்தார்கள் என்று கந்தோரில் கதை. பாலேஸ்வரி கோப்பைத் திறந்து திகதியைப் பார்த்தாள். பழைய ஒழுங்கென்றால் நேற்று அவர் வார்டில் கிடந்திருப்பார். உடனே அவர் வீட்டு நம்பரை அழுத்தினாள். அவருடைய மனைவி அன்னபாக்கியம் எடுத்தார்.

"வந்தவை பிள்ளை. பேப்பரிலையும் மூண்டு பேர், வீட்டிலையும் மூண்டு பேர். எண்ணிப் பாத்திட்டுப் போட்டினம். மகன் வேலைக்கும் போட்டான். அவரைக் கூப்பிடட்டே? இப்பதான் சாப்பிட்டுக் குளிசை போடுறார்."

"வேண்டாம் அம்மா. ஆறுதலாப் போடட்டும்."

ரிசீவரை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வெட்டியதிலேயே பெரியது அந்தக் கட்டில்தான்.