வாவிக்குள் இறங்கிய கரி பஸ்

இரண்டாம் உலக யுத்த காலம் அது. பெற்றோலுக்குக் கூப்பன் வந்ததும் மட்டக்களப்புப் பக்கத்துப் பஸ்களில் பாதி கொட்டிலுக்குள் முடங்கிவிட்டன. மற்றப் பாதி முதுகில் ஓர் இரும்பு அடுப்பைச் சுமந்துகொண்டு, கரியைத் தின்று புகையைக் கக்கி ஓடின. அப்படியொரு கரி பஸ்ஸின் சாரதிதான் ஆரையம்பதி நல்லரத்தினம்.

நாற்பதை நெருங்கியும் மணமாகாதவன். தகப்பனோடு தோணியில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவன் ஒருநாள் றோட்டில் ஒரு லொறியைக் கண்டான். அன்றோடு அவனுக்குத் தோணி கசந்துவிட்டது. லொறி கழுவினான், சில்லு மாற்றினான், வருடக்கணக்காகக் கிளீனராக அலைந்தான். கடைசியில் காத்தான்குடி முகைதீன்பாவா முதலாளி தன் பஸ்ஸை அவனிடம் ஒப்படைத்தபோது, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தச் சக்கரம் போனால், தன்னுடையது என்று சொல்ல அவனுக்கு உலகத்தில் வேறெதுவும் இல்லை.

மாலை ஓட்டம் முடிந்ததும் பஸ், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் கரையில், வாகை மரத்தடியில் நிற்கும். வண்டி நின்றாலும் அடுப்புக்குள் தணல் கிடக்கும். தீப்பெட்டி கண்ணில் அகப்படாத அந்த நாளில், பெண்கள் வீட்டுக்கு வீடு தணல் வாங்கித்தான் உலை வைத்தார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டுக்காரியும் நெருப்பை வெளியே கொடுக்கமாட்டாள். கொடுத்தால் லெட்சுமியும் கூடவே படியிறங்கிவிடுவாள். பஸ்ஸுக்கு ஏது லெட்சுமி? ஆகவே வெள்ளி மாலைகளில் தேங்காய்ச் சிரட்டையோடு எல்லோரும் கரி பஸ்ஸைத் தேடி வந்தார்கள்.

“எடுங்க. அடுப்புக் கதவுக் கொக்கிய மட்டும் போட்டிட்டுப் போங்க,” என்பான் நல்லரத்தினம்.

“பஸ்ஸுக்கே அடுப்பு வைச்சிரிக்காய், உனக்கொரு அடுப்பு வைக்க ஆளில்லையா மனே?” என்று கிழவிகள் சீண்டுவார்கள்.

“இந்தப் புகைக்குள்ள ஆருகா வந்து குந்துவா?” என்று சொல்லிவிட்டு, அவன் ஒரு பக்கமாகப் பார்ப்பான். அந்தப் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஆச்சிப்பிள்ளை நிற்பாள். மலேரியாக் காய்ச்சலில் கணவனைப் பறிகொடுத்த இளம் விதவை. தலை நிமிராமல் தணலை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகவே அவன் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தான்.

அந்த வெள்ளி, மேற்கிலிருந்து கச்சான் காற்று வாவியைக் கடந்து வந்து ஊரையே உலுப்பியது. நல்லரத்தினம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். கடைசியாக வந்தவள் ஆச்சிப்பிள்ளை என்பதைக் கண்டான். குழந்தை வீறிட்டு அழ, அவள் அவசரமாக அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு ஓடுவதையும் கண்டான்.

வாளியை இன்னொரு முறை இழுக்கவில்லை. அதற்குள் மரத்தடி சிவந்துவிட்டது. காற்று அடுப்புக் கதவைத் திறந்து, தணலைப் பக்கத்திலிருந்த கரிச்சாக்குகள் மேல் வாரி இறைத்திருந்தது. சாக்கிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து கூரைக்கும் நெருப்புத் தாவியது.

ஈர உடுப்போடு ஓடிவந்தான். “தண்ணி ஊத்தி அணைக்க ஏலா. ஆத்துக்குள்ள தள்ளுங்கடா,” என்று கத்தியபடி பஸ்ஸுக்குள் பாய்ந்து, பிறேக்கை விட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தான். மீன்காரர், நெசவுக்காரர், சிரட்டையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் முன்பக்கத்தில் தோள் கொடுத்தார்கள். காற்று புகையை அவர்கள் முகத்திலேயே அறைந்தது. வண்டி அசையவில்லை. பிறகு அசைந்தது. பிறகு சரிவில் தானாகவே உருண்டு, பின்புறமாக வாவிக்குள் இறங்கி, ஆயிரம் பாம்புகள் ஒன்றாகச் சீறினாற்போலச் சீறியது. வெண்புகைக்குள் கொஞ்ச நேரம் ஒருவரையும் காணவில்லை. பெண்கள் தலையிலடித்து அழத் தொடங்கிய போதுதான், புருவம் கருகிய நல்லரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் தள்ளாடி நடந்து வந்தான்.

விடிந்ததும் முதலாளி வந்தார். கூடவே புளியந்தீவு மெக்கானிக் பேர்சியும் வந்தான். சுருட்டுத்தான் காரணம் என்றார் ஒருவர். எதிர் பஸ்காரன் செய்த வேலை என்றார் இன்னொருவர். பேர்சி வண்டியைச் சுற்றி வந்தான்.

“பெற்றோல் தாங்கி சுகம், வயரும் சுகம். கதவுக் கொக்கி திறந்து கிடக்கு முதலாளி. ஆரோ சரியாப் பூட்டயில்ல.”

“ஆருடா அது?” என்றார் முதலாளி.

நல்லரத்தினம் தலை குனிந்தான். பெயரைச் சொன்னால் ஊர் அவளை என்ன பேசும்? “நான்தான் முதலாளி.”

“அப்ப ஒனக்கு இனி இஞ்ச வேலையில்ல. ஹாண்டில இஞ்ச தா.”

இயந்திரத்தைச் சுற்றிக் கிளப்பும் அந்த இரும்புப் பிடியை அவன் எடுத்து நீட்டினான். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, குழந்தையோடு ஆச்சிப்பிள்ளை முன்னால் வந்தாள். நாலு ஆண்கள் முன் அவள் வாய் திறந்ததை ஊர் அன்றுதான் கேட்டது.

“கொக்கி போடாதது நான். புள்ள அழுதுது, கையும் சுட்டுப்போட்டுது. இவர் அப்ப கிணத்தடியில நிண்டவர்.” கொப்புளித்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“நீ ஏண்டா பொய் சொன்ன?” என்று முதலாளி திரும்பினார்.

அவன் பார்வை ஆச்சிப்பிள்ளை பக்கமாகப் போனது.

“இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை முதலாளி,” என்றான் பேர்சி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆச்சிப்பிள்ளை முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

முதலாளி சிரிக்கவில்லை. வாவிக்குள் நின்ற வண்டியையே பார்த்தார். பின்பாதி கரிக்கட்டை, முன்பாதி முழுசாக நின்றது.

“இத ஆத்துக்குள்ள இறக்கினது ஆரு?”

“இவன்தான்,” என்றார் மீன்காரர் வினாயகமூர்த்தி. “நெருப்புக்குள்ள இருந்து ஸ்டியரிங் பிடிச்சவன்.”

முதலாளி ஹாண்டிலைக் கையில் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “பொய்க்கு ஒன்ன அடிக்கோணும். போ, பலகை அடிக்க ஓடாவியக் கூட்டிட்டு வா. அடுப்புக்குப் பூட்டுப் போடு. தெறப்பு ஒண்ட மடியிலதான் இரிக்கோணும்.” ஹாண்டிலை அவன் கையிலேயே திரும்ப வைத்தார்.

நல்லரத்தினம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வெட்கத்தை மறந்து விம்மி விம்மி அழுதான்.

சீண்டிய கிழவிகளே பேசி முடிக்க, ஆவணியில் நல்லரத்தினத்துக்கும் ஆச்சிப்பிள்ளைக்கும் கலியாணம் நடந்தது. புதுப் பலகையோடு பஸ் மறுபடி றோட்டில் ஏறிய அன்று, முன் சீற்றில் ஆச்சிப்பிள்ளை இருந்தாள். மடியிலிருந்த பிள்ளை றப்பர் ஹோணைப் பிடித்த பிடியைக் காத்தான்குடி வரும்வரை விடவேயில்லை.